ரத்தான பாஸ்போர்ட்டும் டுவெயினும்

இஷ்பெமிங், மிச்சிகன்
பிப்ரவரி 11

அன்பு மகள் கோரினுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம், பனிக்கு என் முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுகிறது. ஸ்காட்லாந்தில் நீயும் மாப்பிள்ளை ஈவனும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே நடக்கப்போகும் உங்கள் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்றா என்று கேட்டிருந்தாய், போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். என் பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டார்கள். உன்னை வளர்க்க உன் அம்மாவுக்கு நான் கட்ட வேண்டிய ஜீவனாம்சத்தில் பாக்கி நிற்கிறதாம், அது தீரும்வரை நாட்டைவிட்டு நகர முடியாது. உனக்கு இருபத்தேழு வயதாகியும் அந்தப் பாக்கி என்னை விடவில்லை. சுரங்கத்தில் வேலை போன அந்த இரண்டு வருஷமும் நான் ஜீவனாம்ச அலுவலகத்தில் கட்டாமல், கையில் இருந்ததை உன் அம்மா பாலெட்டிடமே நேராகக் கொடுத்தேன். உனக்கு ஸ்கேட்டிங் ஷூ, பனிக்கோட்டு, பல்லுக்குக் கம்பி என்று நானே வாங்கினேன். எல்லா மாதமும் கொடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அலுவலகத்துப் பெண், நேரா குடுத்ததெல்லாம் அன்பளிப்புங்க, ஜீவனாம்சத்துல சேராது என்கிறாள். பெற்ற பிள்ளைக்கு ஷூ வாங்கித் தந்தது அன்பளிப்பாம்.

அது போகட்டும், என் வயிறு எரிவது டுவெயினை நினைத்துத்தான். நான் வராவிட்டால் உன் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் நடக்கப் போவது உன் அம்மாவின் இரண்டாவது புருஷனான அவன்தானே. உனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவன், பட்டமளிப்புப் படத்தில் என் இடத்தில் நிற்பதும் அவன். உனக்குப் பதினோரு வயதில் ஒரு சனிக்கிழமை உன்னை அழைத்துப் போக வந்து வாசலில் வண்டியை நிறுத்தினேன், உள்ளே நீ அவனை அப்பா என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. அப்படியே திரும்பிவிட்டேன். தலைவலி என்று அன்றைக்குச் சொன்னது பொய்.

போன வாரம் டுவெயின் கூப்பிட்டு, வெர்லின், அந்தப் பாக்கிய நான் கட்டிடறேன், நீங்க வந்தா போதும் என்றான். உன் காசுல வந்து என் மக கல்யாணத்தப் பாக்க நான் என்ன பிச்சைக்காரனா என்று போனை வைத்துவிட்டேன். நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இப்போது என்னைத் தடுப்பது அரசாங்கம் இல்லை, என் பொறாமைதான். இன்று காலை வெட்கத்தை விட்டு நானே கூப்பிட்டு, சரி, கட்டு, மாசாமாசம் திருப்பித் தந்துடறேன் என்றேன். அதற்கு அவன், கோவிச்சுக்காதீங்க, உங்களக் கேக்கறதுக்கு முன்னாடியே கட்டிட்டேன் என்றான். இதிலும் என்னை முந்திவிட்டான், பாவி. நான் அத்தனை திட்டும்போதும் அதைச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

பாக்கிக்காரர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சில வாரம் ஆகுமாம், பிறகு புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே, மே மாதத்துக்குள் கிடைத்துவிடும் என்கிறார்கள். நீங்கள் இருவரும் கடைசிவரை மனம் கோணாமல் வாழக் கடவுள் துணை இருக்கட்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. முன்வரிசையில் எனக்கு ஓரமாக ஓர் இடம் போட்டு வை. நீ டுவெயின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வா. எனக்கு வயிறு எரியும், ஆனாலும் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
வெர்லின்