எல்லாத் தலையும் என் பக்கம்

பள்ளி விடுதி, வர்ஜீனியா, அக்டோபர் 1968

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா இருமுகிறாரா?

வகுப்பில் ஒரு பழைய நாவல் வாசிக்கிறோம். செய்யாத குற்றத்துக்கு ஒரு கறுப்பரைத் தூக்கிலிடத் துடிக்கும் ஊரின் கதை. ஆளுக்கொரு பத்தி உரக்க வாசிக்க வேண்டும். நம்மைத் திட்டும் அந்த வார்த்தை வந்தால் போதும், வகுப்பில் ஒரே கறுப்பனான என் பக்கம் எல்லாத் தலையும் திரும்பும். மின்விசிறிகூட இவ்வளவு ஒழுங்காகத் திரும்பாது.

நேற்று அந்தப் பத்தி எனக்கே வந்தது. வார்த்தை வந்த இடத்திலெல்லாம் "பிரெண்ட்" என்று ஒரு வகுப்புப் பையனின் பேரை வாசித்தேன். பிரெண்ட், நாவலின் கறுப்பருக்காக உருகிக் கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கியவன். வகுப்பே சிரித்தது, அவனைத் தவிர.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டான். "என் பேரையாடா அங்க வச்சே?"

"ஒரு பத்திக்கே வலிக்குதா? நான் புத்தகம் பூரா உக்காந்திருக்கேன்டா."

"விளக்கணையட்டும், உன் ரூமுக்கு வர்றோம்."

சும்மா மிரட்டல்தான், கவலைப்படாதே. ராத்திரி காலடிச் சத்தம் என் கதவுவரை வந்து, நின்று, போய்விட்டது.

அப்பாவிடம் சொல்லி ஒரு தாழ்ப்பாள் அனுப்பு, திருகாணியோடு. பெரியதாக இருக்கட்டும். அதுவரை மேசையைக் கதவோடு சாத்தி வைக்கிறேன். கனமான மேசைதான் அம்மா.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன் ஓடெல்