வழி அடைபட்ட பெயர்

பெட்ரோலுக்கு ஆட்டோக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்ற வருடம்தான், மச்சான், உனக்கு அந்தச் சின்னச் சின்னப் பாரிசவாதங்கள் வந்தன. இன்று காலை கண்டி பஸ் ஸ்டாண்டில் ஒருவன் "கட்டுகஸ்தொட்ட, அக்குரண, மாத்தளே" என்று ஊர்ப் பெயர்களைச் சிங்களத்தில் கூவினான். அந்த பஸ்ஸில் நீ கொண்டக்டராக இருந்தபோது கூவிய வேகம் அவனிடம் இல்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

உனக்குக் கை கால் விழவில்லை. நடை தேய்ந்தது, பேச்சு தயங்கியது. பஸ் நிற்கிற ஹோல்ட்டுகளின் பெயரையெல்லாம் மூச்சு விடாமல் சொல்வாய். பெண்சாதியின் பெயரைக் கேட்டால் வாயைத் திறந்து, மூடி, சுவரைப் பார்ப்பாய். வீம்பு என்றே நினைத்தோம். என் தங்கச்சி என்னிடம் வந்து அழுதாள்.

"அக்குரண பேரு வருது, எம் பேரு வரல. ரோட்டத்தான் கட்டிக்கிட்டாரு போல, அண்ணே."

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். மூளையின் வெளியோரம் சாம்பல் நிறம். அங்கே சின்ன அடைப்பு வந்தாலும் அந்த இடம் செய்கிற வேலையே போய்விடும். உள்ளே இருப்பது வெள்ளை. சேதி போய்வருகிற வழி அது. உன் அடைப்புகள் எல்லாம் அந்த வெள்ளையில்தான்.

"அப்ப எம் பேரு உள்ள இருக்கா டொக்டர்?"

"இருக்குது அம்மா. வாற வழிதான் பழுதாப்போச்சு. வாய்க்குப் பழகினது சில நேரம் வேற வழியால வரும்."

திரும்பும் பஸ்ஸில் உன் பக்கத்தில் நான். நாம் இறங்கும் அக்குறணையில் பஸ் நிற்குமுன்பே தங்கச்சி எழுந்து படிக்குப் போனாள். உன் கை தானாகக் கம்பியைத் தட்டியது.

"மெல்ல, மல்லிகா. பஸ் நிக்கட்டும்."

பஸ் நின்றது. அவள் இறங்கவில்லை. "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். நீ எவ்வளவு முயன்றும் வரவில்லை.

"எறங்குறதா, வீடு கட்டுறதா?" என்றான் கொண்டக்டர். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த ஹோல்ட்டுக்கும் டிக்கட் எடுத்தாள். அதன்பின் தன் பெயரைச் சொல்லும்படி அவள் உன்னிடம் கேட்கவே இல்லை.

நீ போனபின் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பிள்ளைகளுக்கு அம்மா, எனக்கு எந்நாளும் தங்கச்சி. அதனால் தேத்தண்ணி கொண்டுவரும்போது நான்தான் இப்போது பெயரைச் சொல்கிறேன். முதல் நாள் வாய் கூசியது. அவள் கோப்பையோடு அப்படியே நின்றாள். நம் மூவரில் என்னோடு மிச்சம் இருப்பவள் மல்லிகா.