கடைசி ஐந்து கட்டம்

டேய்,

இன்று காலை சாயப் பட்டறையில் ஒரு மூட்டை இறங்கியது. முதலாளிக்கு இப்போது இயற்கைச் சாயப் பைத்தியம். வெளியூர்க் கடைக்காரர்கள் கேட்கிறார்களாம். மூட்டையை அவிழ்த்ததும் துவர்ப்பு நெடி மூக்கில் ஏறியது. கடுக்காய். ஓங்கி ஓர் உதை விட்டேன். காய்கள் தரையெங்கும் உருண்டன.

"இன்னாயா, பேய் புட்சிக்கிச்சா உனக்கு?" என்று முதலாளி கத்தினார். அப்படியே வெளியே வந்துவிட்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இருந்தாலும் ஏன் உதைத்தேன் என்பதை உன்னிடம்தான் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பட்டறையில் பதினாறு வருடம் நீயும் நானும் ஒரே தொட்டியின் ஆவியில் வெந்தோம். பத்து மணிக்கு முதலாளி படித்து முடித்த பேப்பர் நம் கைக்கு வரும். நூல் சாயத்தில் கொதிக்கும் நேரத்தில் தொட்டியோரம் குந்திக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவோம். நம் விரல்பட்டு ஒருநாள் கட்டமெல்லாம் அரக்குச் சிவப்பாகும், ஒருநாள் மயில்கழுத்து நிறமாகும். நான் இடமிருந்து வலம், நீ மேலிருந்து கீழ். வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் வந்தால், பேனா யார் கையில் இருக்கிறதோ அவனுக்கு. அந்தப் பேனாவைப் பிடுங்கத்தான் ஒருமுறை என் தோளைக் கடித்தாய். நானும் சும்மா இருக்கவில்லை. டீ கிளாஸை எறிந்து உன் புருவத்தைக் கிழித்தேன். மறுநாள் இருவரும் கட்டோடு வந்து அதே இடத்தில் குந்தினோம். கடித்துக் குதறினாலும் பத்து மணிக்கு நமக்குப் பேப்பர் வேண்டும்.

அந்தப் புதிரில் தினமும் விடைகளுக்குள் ஒரு பொருள் ஒளிந்திருக்கும். ஒருநாள் எல்லாம் பறவை, ஒருநாள் எல்லாம் நகை. அதை அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். "கட்டத்த ரொப்புறது பெரிசில்லடா. போட்டவன் மனசுல இன்னா இருந்துச்சின்னு புடி," என்பாய். பிடித்துவிட்டால் பேப்பரைத் தள்ளிப் பிடித்துக் கோயில் சிற்பத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பாய். "எவன் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்," என்று முகம் தெரியாத ஆளுக்குக் கும்பிடு போடுவாய். எனக்கு அந்த ரசனையெல்லாம் கிடையாது. எனக்கு ஜெயிக்க வேண்டும். தப்பாக எழுதியவன் தலையைக் குனிய வேண்டும், மற்றவன் முட்டியை மடக்கி நடுமண்டையில் குட்டுவான் என்று சட்டம் போட்டதே நான்தான்.

பத்து வருடத்துக்கு முன் ஒருநாள், புதிரில் மஞ்சள், மாதுளை, வெங்காயம் எல்லாம் வந்துவிட்டன. 'நரையை மறைக்கும் செடி' என்பதற்கு அவுரி என்று நீ எழுதினாய். மிச்சம் ஐந்து கட்டம், குறிப்பு 'துவர்க்கும்'. கடைசி மூன்று எழுத்து 'க்காய்' என்று தெரிந்துவிட்டது. எல்லாம் அடுப்படிச் சாமான், ஆகவே வாழைக்காய் என்றேன். நீ சிரித்தாய்.

"கடுக்காய்டா. எல்லாம் சாயம். டப்பாப் பவுடர் வர்றதுக்கு முன்னாடி இதுலதான்டா பட்டுக்குக் கலர் ஏத்துனாங்க. சாயக்காரனுக்கே தெரியலியா?"

"வாழைக்காய்."

"அப்ப அவுரிய எவன்டா கொழம்பு வெக்கிறான்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பதில் இல்லாதவனுக்குக் கைதானே நீளும். நூலைப் புரட்டும் கோல் என் கையில் இருந்தது. நீ கடுக்காய் என்று எழுதக் குனிந்தபோது பேனா பிடித்த உன் கையில் இறக்கினேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. அலறல் கேட்டு முதலாளி ஓடிவந்தார். "தண்ணியில வழுக்கி வுழுந்துட்டேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது நீ. அங்கிருந்த ஒருவனும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

மறுநாள் பேப்பரில் விடை வந்தது. கடுக்காய். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கை முழுக்க மாவுக்கட்டு. உன் மனைவி கால்மாட்டில் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் நீ கேட்ட முதல் கேள்வி, "விடை வந்துச்சா?"

"வாழைக்காய்தான்," என்றேன்.

நீ என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாய். பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்தாய். நான் குட்டினேன். மெதுவாகக்கூட இல்லை, வழக்கம்போல் ணங்கென்று குட்டினேன். நினைக்கும்போதெல்லாம் என் கையையே வெட்டிப் போட வேண்டும்போல் இருக்கிறது.

இரண்டு விரல் மடங்கவே இல்லை. ஈரப் பட்டுநூலை முறுக்கிப் பிழிய முடியாதவனுக்குப் பட்டறையில் என்ன வேலை? கோயில் பக்கம் வண்டி நிறுத்துகிற இடத்தில் டோக்கன் கிழித்தாய். வேலை முடிந்ததும் பேப்பரோடு உன் வீட்டுக்கு வருவேன். இடது கையால் கோணல்மாணலாக எழுதுவாய். ஒன்பது வருடம் அப்படியே ஓடியது. உண்மை தினமும் தொண்டை வரை வரும். உன் மனைவி தரும் காப்பியோடு விழுங்கிவிடுவேன். போன பங்குனியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று பட்டறையிலிருந்து நேராக பஸ் பிடித்து ஓரிக்கைக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன், கோல், கடுக்காய், பொய், குட்டு. அவள் நிமிரவே இல்லை.

"தெரியும்ணா. அன்னிக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடியே பக்கத்துக் கட்டில்காரரு பேப்பரு குட்த்துட்டாரு. விடையப் பாத்து எங்க வூட்டுக்காரரு சிரிச்சிக்கினு இருந்தாரு. நீங்க வந்து பொய் சொன்னீங்க, தலையக் குட்த்தாரு. நீங்க போனதும் 'ஏன்யா குட்டு வாங்குனே?'ன்னு கேட்டேன். 'அவன் தோத்தது எனக்குத் தெரியும்னு காட்டிக்கினா அவன் இந்தப் பக்கமே வரமாட்டான். அப்பறம் நான் யாரோட போடுவேன்?'ன்னாரு."

நான் அழ ஆரம்பித்தேன். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த சொம்பு பறந்து வந்து என் நெற்றியில் விழுந்தது.

"அவருக்காவத்தான் ஒம்போது வருசம் உங்களுக்குக் காப்பி போட்டேன். அவரு மன்னிச்சாரு, நான் மன்னிக்கல. இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். ரத்தம் கண்ணில் இறங்கியது. என்மேல் ஓர் அடி விழுந்து, எனக்குக் கோபம் வராமல் நின்றது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. உன் மன்னிப்பு என்னால் தூக்க முடியாத பாரமாக இருக்கிறதடா. அவள் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தேன்.