மெதுவாக ஓடிய கேசட்

1996 ஆகஸ்ட் 14, புதன்

எங்கள் மெட்டல் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கும் சுரேஷ் இன்று பெங்களூரிலிருந்து ஒரு சி.டி. கொண்டுவந்தான். தினமும் விளக்கை அணைத்துவிட்டு நான் கேசட்டில் கேட்கும் அதே ஆல்பம்.

சரஸ்வதிபுரத்தில் அவன் வீட்டு மாடியில் போட்டுக் கேட்டோம். வேறு யாரோ பாடுவதுபோல் இருந்தது. எல்லாமே வேகம், குரல்கூட மெலிசு. எங்களுக்குக் கேசட் பதிவு செய்து கொடுத்தவரின் டெக்கில் ஏதோ கோளாறு. அதனால்தான் இத்தனை நாள் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்தக் கனமான சத்தத்துக்காகத்தான் நான் கிட்டாரையே தொட்டேன்.

“மூணு வருஷமா தப்பாவே வாசிச்சிருக்கோம் கணோ!” என்று சுரேஷ் வழக்கம்போலக் கன்னடம் கலந்து சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான்.

சி.டி.யோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். விரல் ஓடவில்லை.

“விடு குரு, பழகிடும்,” என்றான். நண்பர்கள் எல்லோருமே அவனுக்குக் குருதான்.

பழகாது. அடுத்த மாதம் பெங்களூரில் போட்டி. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் சரியான வேகத்தில் கேட்டவர்கள்.

இப்போது கேசட்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னமும் எனக்கு இதுதான் பிடிக்கிறது. யோசித்துப் பார்த்தால், இந்த ஆல்பத்தை இவ்வளவு மெதுவாக, கனமாக யாருமே வாசித்ததில்லை, எங்களைத் தவிர.