அடியைப் பார்க்காமல் எழுதிய செய்தி

பாய்,

இன்று காலை வாலாஜாபாத் பேருந்துக்குக் காத்திருந்தபோது, டீ குடித்து முடித்த பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். "என்னா சார், பூச்சி எதுனா இருக்குதா?" என்றார் கடைக்காரர். உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். விருந்துக்குப் போன வீட்டிலும், சோறு விழுவதற்குள் தட்டைத் திருப்பிப் பார்த்துவிடுவீர்கள். "மூஞ்சியப் பார்த்து வயசு சொல்லக்கூடாது சார். அடியப் பாரு."

நான் பார்க்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர் வீட்டில் இடுப்புயர நீல ஜாடி, உடம்பைச் சுற்றி நாகம். முன்னூறு ஆண்டுப் பழைய சீன ஜாடி என்று எங்கள் பேப்பரில் எழுதினேன். நீங்கள் அன்று ஊரில் இல்லை. கடைசியில், 'விவரமறிந்தவர்கள் தெரிவித்தனர்' என்று சேர்த்தேன். யாரும் எதுவும் தெரிவிக்காதபோது நாங்கள் போடுகிற வரி அது. காஞ்சிபுரத்தில் பீங்கானைப் பற்றி விவரமறிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

சாயக்காரர் அந்த ஜாடியை நம்பிப் புதுப் பட்டறைக்கு இடம் பேசினார். சென்னையிலிருந்து அதை வாங்க வந்தவர் பழசில்லை என்று சொல்லிப் போய்விட்டார். மறுநாள் உங்கள் பழம்பொருள் கடை வாசலில் சாயக்காரரின் சத்தம். "முன்னூறு வருஷம்னு பேப்பர்காரங்கிட்ட சொன்னது நீதானே பாய்? ஊரே சிரிக்குது!"

உள்ளே உட்கார்ந்திருந்த என்னை ஒருமுறை பார்த்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை.

"வாப்பா, பாக்கலாம்" என்று அவரோடு கிளம்பினீர்கள். ஜாடியைச் சாய்த்து, அடியில் ஏறியிருந்த சாயக்கறையைப் புளி போட்டுத் தேய்த்தீர்கள். 'மேட் இன் ஜப்பான்' என்ற ஆங்கில எழுத்து தெரிந்தது. "ஏத்துமதிக்குச் செஞ்சது. நூறு வருஷம் தேறாது. இதோ பாரு, நாகத்தோட வாலு ரெண்டு பக்கமும் சேரல. கையால போட்டதில்ல, அச்சுத்தாள் ஒட்டினது." பிறகு சொன்னீர்கள்: "என் கண்ணு தப்பிடுச்சுப்பா. மன்னிச்சுக்கோ."

திரும்பும் வழியில் ஏன் என்று கேட்டேன். "உனக்கு வேலை போயிடும். எனக்குக் கடை இருக்குதே" என்றீர்கள். கடை இருந்தது. பீங்கானோடு யாரும் வரவில்லை. அலமாரியில் தட்டுகள் இருந்த இடத்தில் பூட்டும் சாவியும் வைத்து விற்றீர்கள். திருத்தம் போடச் சொல்லி நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் போடவில்லை. நீங்கள் கண்மூடும்வரை போடவில்லை.

கோப்பையை வைத்துவிட்டு, பேருந்தையும் விட்டுவிட்டு, பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன். சாயக்காரருக்கு இப்போது தலையெல்லாம் நரை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவரே எங்கிட்ட ஒத்துக்கினாரே சார். போனவரு பேரு கெடக்கூடாதுன்னு நீங்க உங்க தலையில போட்டுக்கிறீங்க. பெரிய மனசு."

இல்லை என்று மறுபடியும் சொன்னேன். காபி வந்தது.

வீட்டுக்கு வந்துவிட்டேன், பாய். அந்தப் பெரிய மனசை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை.