கடைசித் திருப்பத்தில் காலை எடுத்தவள்

மில்லர்ஸ் ஃபோர்க், வட கரோலினா
செப்டம்பர் 23, 2018

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பதறாதே. நன்றாக இருக்கிறாள். முழங்காலுக்கு டாக்டர் ஊசி போட்டதிலிருந்து படி ஏறும்போது என்னைத் திட்டுவதில்லை. மற்ற நேரங்களில் திட்டுகிறாள். புயல் கடலோரத்தைப் புரட்டிப் போட்டுவிட்டது. மலையடிவாரத்தில் நமக்கு வெறும் மழைதான். ஓடை பாலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது.

வடக்கே டுலூத்தில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டதாமே. பனி அள்ளும் லாரிகளை எல்லாம் நீதான் பிரித்துச் சரி செய்கிறாய் என்றும், பட்டறையில் உனக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள் என்றும் அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அவளோடு பேசும்போது நான் பின்வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். உன் குரல் கேட்காது. அம்மா சொல்லும் பதிலை வைத்து நீ என்ன கேட்டிருப்பாய் என்று ஊகித்துக்கொள்வேன். இந்த இரண்டு வருடத்தில் என்னைப் பற்றி நீ கேட்டதாக ஒரு தடவையும் தோன்றவில்லை. குறையாகச் சொல்லவில்லை.

எழுத வந்த விஷயம் இதுதான். நூலகத்து யூனிஸ் அம்மாள் ஒரு பட்டிமன்றம் வைக்கிறார். ஸ்டாக் கார் பந்தயத்தில் இதுவரை வந்தவர்களில் யார் மிகப் பெரிய ஓட்டுநர் என்பதுதான் தலைப்பு. ஊரில் முப்பது வருடமாக உணவுக்கடையில் நடக்கிற சண்டைதான். புத்தகங்களுக்கு நடுவில் வைத்தால் கொஞ்சம் நாகரிகமாக நடக்கும் என்று அந்த அம்மாளுக்கு நம்பிக்கை. ரிச்சர்ட் பெட்டிக்காகத் தபால்கார லெஸ்டர் பேசுகிறான். டேல் எர்ன்ஹார்ட்டுக்காக யார் பேசுவது என்று ஒருவரும் கேட்கவே இல்லை. என் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஜிம்மி ஜான்சனுக்காகப் பேச ஆள் கிடைக்கவில்லை. ஏழு சாம்பியன் பட்டம் வாங்கினாலும் அவர் கலிபோர்னியாக்காரர், போதாததற்கு நல்ல மனிதர்.

லெஸ்டர் இப்போதே கடையில் ஆரம்பித்துவிட்டான். “யோவ் கார்லண்டு, உன் ஆளு இடிச்சு இடிச்சு ஜெயிச்சாரு, என் ஆளு ஓட்டி ஜெயிச்சாரு. இருநூறு தடவை!” என்கிறான். “அந்தக் காலத்துல பாதிப் பேரு கோழிப்பண்ணையிலேர்ந்து நேரா வந்து ஓட்டினவன்யா. நம்ம பாஸ்டரை ஏத்தி விட்டிருந்தா அவரே அம்பது ஜெயிச்சிருப்பாரு” என்றேன். பாஸ்டர் பக்கத்து மேசையில்தான் பிஸ்கட் ரொட்டியும் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “அறுபது” என்று திருத்தினார்.

தினமும் கொட்டகையில் நின்று பேசிப் பார்க்கிறேன். நேற்று அம்மாவிடம் பேசிக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நீ ஓட்டிய அந்த ஜூன் மாதப் பந்தயத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதப்போவதில்லை. உன் கார் கொட்டகையில் அப்படியே இருக்கிறது, எலி புகாமல் பார்த்துக்கொள்கிறேன். உன்னோடு அன்று ஓட்டிய டோபி ஆப்ஷருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பெண். இப்போதெல்லாம் அவன் பந்தயத்துக்கு வருவதில்லை.

கையுறை போடாமல் குளிரில் இரும்பைத் தொடாதே. கர்த்தர் உன் கைகளைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கார்லண்ட் ஷூமேட்


மில்லர்ஸ் ஃபோர்க்
அக்டோபர் 16, 2018

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதற்காகக் காத்திருக்காமல் எழுதுகிறேன். சனிக்கிழமை பகல் பட்டிமன்றம் நடந்தது. அங்கே நான் என்ன பேசினேன் என்று யாராவது உனக்குச் சொல்லத்தான் போகிறார்கள். என் வாயால் நீ கேட்பதுதான் சரி.

அறுபது பேர் இருப்பார்கள். நாற்காலி போதாமல் பிள்ளைகள் பகுதியிலிருந்து குட்டி ஸ்டூல்களைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். முழங்கால் காதைத் தொட அதில் குந்தியிருந்தவர்களை நீ பார்த்திருக்கவேண்டும். யூனிஸ் அம்மாள் முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை மேசையில் வைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் என்றார்.

லெஸ்டர் நன்றாகப் பேசினான். அதை ஒப்புக்கொள்கிறேன். இருநூறு வெற்றி என்ற எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன். அவனோ பெட்டி தோற்ற பந்தயத்தைப் பற்றிப் பேசினான். எழுபத்தாறில் டேடோனாவில் கடைசித் திருப்பத்தில் பெட்டியும் பியர்சனும் மோதிச் சுழன்றார்கள் அல்லவா? பியர்சன் எஞ்சினை அணையவிடாமல் பிடித்துக்கொண்டு, நசுங்கிய காரை ஆமை மாதிரி ஊர்ந்து கொண்டுபோய் ஜெயித்தார். பெட்டி கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோனார். “தோத்த நாளையும் ஊரு நினைவு வச்சிருக்கே, அதுதான்யா பெரிய ஆளு” என்றான் லெஸ்டர். நான்கூடக் கை தட்டிவிட்டேன்.

பிறகு நான் எழுந்தேன். எட்டு நிமிடம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஏழு பட்டம், இருபதாவது முயற்சியில் டேடோனாவை ஜெயித்தது, மற்ற அணிக்காரர்கள் எல்லாம் வரிசையாக நின்று அவர் கையைத் தட்டி வாழ்த்தியது, எல்லாம் சொன்னேன். லெஸ்டர் இடையில் புகுந்து, “பிரிஸ்டல்ல கடைசிச் சுத்துல முன்னால போனவரை இடிச்சுச் சுத்தவிட்டு ஜெயிச்சாரே, அதையும் சொல்லுய்யா. அது திறமையா?” என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. எனக்குச் சூடு ஏறிவிட்டது.

“கடைசித் திருப்பத்துல ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுக்கிறவங்க பேசாம வீட்டுல இருக்கலாம். இந்த ஊருக்கு அது நல்லாவே தெரியும்” என்றேன்.

இதைத்தான் சொன்னேன், கெண்ட்ரா. யாரைச் சொல்கிறேன் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நடுவழியாகவே நடந்து வெளியே போய்விட்டாள்.

அவளுக்குப் பின்னால் கதவு சாத்தியதும் கடைசி வரிசையில் டோபி எழுந்து நின்றான். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “கார்லண்ட் ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்” என்றான். யூனிஸ் அம்மாள், கேள்வி நேரம் பிறகுதான் என்றார். “கேள்வி இல்லீங்கம்மா” என்றான்.

அவன் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற அளவு அப்படியே எழுதுகிறேன்.

“அன்னிக்கு என் ஸ்டியரிங் உடைஞ்சுபோச்சு. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற தண்டு. காலையிலேயே விரிசல் விட்டிருந்துச்சு. மாத்தாம நானே வெல்டு வச்சு ஓட்டினேன். நாலாவது திருப்பத்துல ரெண்டா போயிடுச்சு. நான் இந்தப் பக்கம் திருப்புறேன், சக்கரம் அந்தப் பக்கம் போகுது. கெண்ட்ரா உள்பக்கமா என் பின்சக்கரத்தை ஒட்டி வந்துட்டிருந்தா. லேசா ஒரு தட்டு தட்டியிருந்தா அவ ஜெயிச்சிருப்பா. நான் கேட் பக்கத்துல இருக்கிற கான்கிரீட் முனையில நேரா போய் மோதியிருப்பேன். அவ என் முன்சக்கரத்தைப் பாத்தா. காலை எடுத்தா. நான் சுவரை உரசிக்கிட்டே கோட்டைத் தாண்டினேன். நீங்க எல்லாரும் என்ன தைரியம்டான்னு முதுகுல தட்டினீங்க. நான் வாயைத் திறக்கல. கோப்பையை வாங்கி வீட்டுல வச்சுக்கிட்டேன்.”

 பிறகு, “அவ காலை எடுக்கலேன்னா இது பொறந்திருக்காது” என்று குழந்தையின் முதுகைத் தொட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்தான்.

மேசையில் இருந்த முட்டைக் கடிகாரம் அப்போது பார்த்து அடித்தது.  யூனிஸ் அம்மாள் அதை எடுத்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். எனக்கு மிச்சமிருந்த இரண்டு நிமிடமும் அதோடு போயிற்று. உட்கார்ந்துவிட்டேன். ஓட்டெடுப்பு நடந்தது, பெட்டி ஜெயித்தார். லெஸ்டர் என்னிடம் வந்து கை கொடுத்தான். 

டோபி சொன்னது எனக்குப் புதிது இல்லை. அதுதான் நான் எழுதவேண்டியது. அந்த ஜூனில் சனிக்கிழமை மழை பெய்து பந்தயத்தை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிவைத்தார்கள். முடிந்ததும் நீ கார் ஜன்னல் வழியாக வெளியே வந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: “அப்பா, அவன் முன்சக்கரம் தனியா ஆடுச்சு. நான் தொட்டிருந்தா செத்துருப்பான்.” நம் ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான், “சாக்குச் சொல்லாதே. எர்ன்ஹார்ட் காலை எடுத்திருக்கமாட்டார்” என்றேன். நீ இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்தாய். நான் டயர்களை ஏற்றுவதற்குத் திரும்பிவிட்டேன். பின்னால் யாரோ, பொண்ணுதானே, பயந்துட்டா என்றான். அது யார் என்று எனக்குத் தெரியும். அவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோராம் நாள் நீ கிளம்பிவிட்டாய்.

சனிக்கிழமை நூலகத்தை விட்டு வெளியே வந்தபோது அம்மா வண்டியில் உட்கார்ந்திருந்தாள். டோபி சொன்னதை எல்லாம் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷமாக இருக்கும், அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “எனக்குத் தெரியும். அவதான் அன்னிக்கே சொன்னாளே” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்? நீ சக்கரத்தைப் பாத்தியா?” என்று கேட்டேன்.

“பாக்கல. அவ சொன்னா. உனக்கு டோபி வாய் வேண்டியிருக்கு கார்லண்ட். உன் பொண்ணு வாய் போதலை” என்றாள்.

வண்டியை எடுத்து வீட்டுக்கு ஓட்டினேன். பதினொரு மைல்.

அன்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். டோபி சொல்லாமலே இருந்திருந்தால் நான் சாகும்வரை உன்னைப் பொய்க்காரி என்றுதான் நினைத்திருப்பேன். எட்டு வயதில் நீ என் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பானரைத் தொலைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே வந்து சொன்னவள். அதற்குப் பிறகும் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. தொலைக்காட்சியில் பார்த்த ஒரு மனிதர் அந்தத் திருப்பத்தில் என்ன செய்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. எதிரில் நின்ற உன்னைத் தெரியவில்லை. உண்மையில் அவர் என்ன செய்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியாது. அவர் அந்தச் சக்கரத்தைப் பார்த்திருந்தால் அவரும் காலை எடுத்திருப்பாரோ என்னவோ. இரண்டு வருடமாக அவர் பெயரை வைத்து உன்னை அடித்திருக்கிறேன்.

பெரிய ஓட்டுநர் யார் என்று இப்போது கேட்டாலும் எர்ன்ஹார்ட் என்றுதான் சொல்வேன். மனம் மாறிவிட்டேன் என்று உன்னைக் குளிர்விக்க எழுதமாட்டேன், நீயும் நம்பமாட்டாய். ஆனால் திங்கட்கிழமை காலை கடையில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று, என் மகள் அன்றைக்கே உண்மையைச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று சொன்னேன். அன்று உன்னைப் பயந்தவள் என்றவனும் அங்கே இருந்தான். அவன் பக்கம் திரும்பியும் சொன்னேன். காபியைப் பார்த்துக்கொண்டே, “சரி கார்லண்ட்” என்றான். அது போதாது என்று எனக்குத் தெரியும். ஊருக்கு முன்னால் இப்போது சொல்வது சுலபம். நீ ஹெல்மெட்டோடு நின்ற இடத்தில் சொல்லியிருக்கவேண்டும்.

டோபி அந்தக் கோப்பையை உனக்கு அனுப்பவேண்டும் என்று கொண்டுவந்தான். நான் வாங்கவில்லை. அவனே உனக்கு எழுதட்டும் என்று விலாசம் கொடுத்திருக்கிறேன். தவறு என்றால் சொல். அவன்மேல் எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவன் இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை, நான் இரண்டு வருடம் காதைத் திறக்கவில்லை.

நீ மறுபடி ஓட்டவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பி வா என்றும் கேட்கவில்லை. அங்கே உன் வேலை இருக்கிறது, உன் பேச்சை மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நவம்பரில், நன்றி கூறும் திருநாளுக்கு முந்தைய வாரம், நானும் அம்மாவும் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே வரலாமா என்று மட்டும் கேட்கிறேன். ஆயிரத்து இருநூறு மைல். மூன்று நாளில் மெதுவாக வந்துவிடுவோம். உனக்கு விருப்பம் இல்லை என்றால் அம்மாவை மட்டும் விமானத்தில் ஏற்றிவிடுகிறேன், நான் இங்கே இருந்துகொள்கிறேன்.

வா என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி எழுது, மகளே. காரணம் சொல்லவேண்டாம். எதை எழுதினாலும் நம்புகிறேன்.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

உன் அப்பா