ஹேர் ட்ரையரும் நைட்ரோ காரும்

ஜனவரி 8, வியாழன்

செம்பூரில் குளிர். தலை காயவில்லை, ஹேர் ட்ரையர் போட்டுக்கொண்டு ஓட்டம். முலுண்ட் ஆபீசில் எல்லாரும் ஸ்வெட்டர். பம்பாய்க்காரர்களுக்கு இதுவே காஷ்மீர்.

குர்லாவில் ரயில் மாறும்போது கால் மிதிபட்டது. வீட்டுக்கு வந்தால் இவர் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில். தீபாவளியோடு அம்பர்நாத் கம்பெனியை மூடினார்கள். வேலை போனதிலிருந்து கீழே இறங்குவதே இல்லை. வாசலில் அவர் செருப்பில் தூசி. பெருக்கும்போது தினமும் தூக்கி வைக்கிறேன்.

நாளைக்கு: பால், கியாஸ் புக்கிங், கரண்ட் பில்.

ஜனவரி 9, வெள்ளி

செல்வம் போன். தாராவிக்காரர், ஞாயிறுதோறும் இவரோடு மைதானத்தில் நைட்ரோ கார் ஓட்டியவர். கை நீளப் பொம்மைக் கார்தான், ரிமோட்டில் ஓடும். ஆனால் உள்ளே நிஜ என்ஜின், நிஜப் புகை. சத்தமோ நிஜக் காரைவிட ஜாஸ்தி.

"மைனி, காரை எடுத்துட்டுப் போயிருன்னு அண்ணன் மெசேஜ் போட்டிருக்காவ. நெசமாவா?"

எனக்கே தெரியாது. இவரைக் கேட்டேன்.

"சும்மாதான கெடக்கு. அவனாவது ஓட்டட்டும்." டிவியைப் பார்த்தபடி சொன்னார். டிவி மியூட்டில் இருந்தது.

ஞாயிறு வருகிறாராம் செல்வம். பயமாக இருக்கிறது. அந்தக் காரின் எண்ணெய் நாற்றத்தை எவ்வளவு திட்டியிருப்பேன். அதுவும் போய்விட்டால் இவரைக் கீழே இறக்க இந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

ஜனவரி 10, சனி

அரை நாள் ஆபீஸ். இடுப்பு வலி. அலமாரி மேலிருந்து காரை இறக்கித் துடைத்தேன். "தொடாத" என்று கத்துவார் என எதிர்பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராத்திரி ஒரு தோசையோடு எழுந்துவிட்டார். அடுப்படியில் நின்று அழுதேன். மிச்ச மாவு ஃபிரிட்ஜில்.

ஜனவரி 11, ஞாயிறு

நல்ல குளிர். மூக்கொழுகல். ஓடாமல் கிடந்த காரையா அப்படியே கொடுப்பது என்று, செல்வம் வருமுன் நானே கீழே கொண்டுபோனேன். எண்ணெய் ஊற்றி, ப்ளக்கில் பேட்டரி மாட்டி, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். எல்லாம் இவர் செய்து நான் பார்த்ததுதான். கயிறு அசையவில்லை. வாட்ச்மேன் வேறு, இன்னும் பலமாக இழுக்கச் சொல்லி, "ஜோர் சே, பாபி!" காரைக் காலால் அமுக்கிக்கொண்டு இழுத்தேன்.

"ஏளா! இழுக்காத! உள்ள ராடு ஒடைஞ்சிரும்!"

மூன்றாம் மாடி ஜன்னலில் இவர். அடுத்த நிமிஷம் கீழே. வெறுங்கால். கையில் என் ஹேர் ட்ரையர்.

"குளுருக்கு பிஸ்டன் இறுகிப் போயி நிக்கும்ளா. சூடு பண்ணாம இழுக்கலாமா? கூறு இருக்கா ஒனக்கு?"

எத்தனை நாளாயிற்று இவர் என்னைத் திட்டி. நன்றாக இருந்தது.

வாட்ச்மேன் கேபினில் ட்ரையரைச் சொருகி என்ஜினுக்குச் சூடு காட்டினார். ஒரு திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். தீபாவளி வெயிலுக்கு வைத்த அளவாம், குளிருக்கு எண்ணெய் கூடுதலாக வேண்டுமாம். இழுத்தார். அலறல், புகை, முதல் மாடியிலிருந்து சொசைட்டி செக்ரட்டரியின் கத்தல். பிறகு அணைந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி அணைந்தது.

"ப்ளக் போச்சு." காரைத் தூக்கிக்கொண்டு மேலே. பழையபடி நாற்காலி, பழையபடி முகம்.

செல்வம் வந்தார். டீ கொண்டுபோனதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு அதற்குமேல் நிற்கத் தெம்பில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

எழுந்தபோது வீடு அமைதி. கார் இல்லை. கொடுத்துவிட்டார். நாற்காலியில் இவரும் இல்லை. பாத்ரூமில் இருப்பார் என்று நினைத்தேன், அங்கும் இல்லை. புகை நாற்றம் போகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து ஹேர் ட்ரையரைத் தேடினால் அதையும் காணோம்.

வாசலில் அவர் செருப்பையும்.